எட்டாவது திருகு

ரூபன் எஞ்சினிலிருந்து உருவிய கேம் ஷாப்டின் எட்டாவது கேமை, வால்வைத் திறந்துவிடும் அந்த இரும்பு மேட்டை, பனியன் துணியால் துடைத்துவிட்டு அதன்மேல் நகத்தை இழுத்தான். முதல் ஏழிலும் வழுக்கிக்கொண்டு போன நகம் இதில் தட்டி நின்றது. மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தான். இரண்டு எம்.எம். குறைவு. சாணைக்கல்லில் கொடுத்து எடுத்ததுபோல அதன் உச்சி மழுங்கியிருந்தது.

மதுக்கரையிலிருந்து பாலக்காட்டுக்கு சிமெண்ட் ஏற்றும் லாரியின் எஞ்சின் அது. ஒரு வாரமாக வாளையார்ப் பக்கம் பாரம் இழுக்காமல் கரும்புகை கக்கியது. உள்ளே டக் டக்கென்று சத்தம் வேறு. எஞ்சினைக் கழற்றும் முன்பே ஓனர் தம்பிதுரை காரணத்தைச் சொல்லிவிட்டார். டிரைவர் அப்துல் குத்தூஸ் ஆயில் பார்க்காமல் ஓட்டிவிட்டார், அவ்வளவுதான். திங்கட்கிழமைக்கு சோமனூரிலிருந்து வேறு டிரைவரை வரச்சொல்லியும் ஆயிற்று. ஒன்பது வருடம் இந்த ஒரே வண்டியை ஓட்டிய குத்தூஸ், பட்டறைக்கு வெளியே பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவுமில்லை, வீட்டுக்குப் போகச் சொல்லவுமில்லை.

கேம் ஷாப்ட் ஏழு இடங்களில் புஷ் என்ற உலோக வளையங்களுக்குள் சுற்றுகிறது. ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவது அந்த ஏழு இடங்கள்தான். ரூபன் காலையிலேயே அந்த ஏழு இடங்களையும் அளந்துவிட்டான். ஷாப்டுக்கும் புஷ்ஷுக்கும் இருக்கவேண்டிய இடைவெளி அப்படியே இருந்தது. ஆயில் குறையவில்லை. அதில் பேச ஒன்றுமில்லை.

பேச்சு வேறு இடத்தில் இருந்தது. மேஜைமேல் கழற்றி வைத்த, வால்வுகளை அமுக்கும் ராக்கர் வரிசையை அவன் காலையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே வேலை செய்துகொண்டிருந்தான். இப்போது பார்த்தான். வால்வுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திருகுகள். பதினொன்று நட்டுக்கு மேலே ஒரே உயரத்தில் நின்றன. எட்டாவது மட்டும் இரண்டு மரை கீழே இறங்கியிருந்தது.

இறக்கியது அவன்தான். ஆறு மாதத்தில் மூன்று முறை அந்தச் சத்தம் வந்தது. மூன்று முறையும் மேல்மூடியை மட்டும் திறந்து, அந்தத் திருகை இறக்கி, விலகியிருந்த இடைவெளியை அடைத்தான். சத்தம் நின்றது. அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. ஒரே வால்வில் இடைவெளி திரும்பத் திரும்ப விலகினால் கீழே இரும்பு தேய்கிறது என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியாததல்ல. கீழே பார்க்க வண்டியை நாலு நாள் நிறுத்தவேண்டும், தம்பிதுரை குதிப்பார். மூன்றாவது தடவை குத்தூஸே சொன்னார், "மறுபடியும் அதே எடந்தான் ரூபா. உள்ள ஒருக்கா பாத்துரு." "இங்க மெக்கானிக் நானா, நீங்களா?" என்று ரூபன் கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நட்டைத் தளர்த்தி, திருகை இரண்டு மரை ஏற்றி, மறுபடி முறுக்கினால் பன்னிரண்டும் ஒரே உயரம்; யாரும் கைவைத்ததே தெரியாது. ஒரு நிமிட வேலை. ஸ்பேனரை மாட்டினான். வெளியே குத்தூஸ் இருமுவது கேட்டது. ஸ்பேனர் கொஞ்ச நேரம் நட்டிலேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டான்.

பதினொரு மணிக்குத் தம்பிதுரை கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். "என்ன ரூபா, ஆயில் இல்லாமத்தான போச்சு?"

"இல்லீங்ணா. ஆயில்னா இந்த ஏழு எடமும் மொதல்ல போயிருக்கோணும். பாருங்க, கண்ணாடியாட்ட இருக்குது. அளந்த வரைக்கும் ஒரே ஒரு கேம்தானுங்க தேஞ்சிருக்குது."

"அது மட்டும் எப்படிப் போகும்?"

ரூபன் ராக்கர் வரிசையை அவர் பக்கம் நகர்த்தினான். தம்பிதுரை குனிந்து சாவி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எட்டில் நின்றார்.

"இது எறங்கியிருக்குது."

"நாந்தாங்க எறக்குனேன். சத்தம் வந்தப்பல்லாம், மூணு தடவ. மொதல்லயே கழட்டிப் பாத்திருக்கோணும். பாய் சொன்னாரு, நாந்தான் கேக்கலீங்க."

"ஏண்டா, ஒரு வாரமா அந்த மனுசன வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன். இன்னிக்குத்தான் வாயத் தொறக்கறியா?"

"இன்னிக்குத்தானுங்க கழட்டுனேன்."

அது உண்மைதான். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தம்பிதுரை வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏனுங்க பாய்!"

"வாரேனுங்க." குத்தூஸ் வேட்டியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

தம்பிதுரை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சோமனூர்க்காரன வேண்டாம்னு சொல்லிப்போடறேன். வண்டி வெளிய போற வரைக்கும் இங்கயே உக்காருங்க. இவன் எதைக் கழட்டறான், எதை மாட்டறான்னு ஒண்ணொண்ணாப் பாருங்க." பிறகு ரூபனைப் பார்க்காமலே சொன்னார், "என்னோட மத்த ரெண்டு வண்டிய இனி எந்தப் பட்டறைல உடறதுன்னு அப்பறம் யோசிக்கலாம்."

கார் கிளம்பிப் போனது. குத்தூஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஜை அருகே உட்கார்ந்தார். எட்டாவது திருகின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று ரூபன் காத்திருந்தான்.

"மிச்சம் நாலு கேம் இருக்குதே. அளந்துட்டியா?"

"இன்னும் இல்லீங்க பாய்."

"அள. நான் மெக்கானிக் இல்ல. சும்மா பாக்கறேன்."

ரூபன் ஒன்பதாவது கேமைத் துடைத்து மைக்ரோமீட்டரை மெல்லத் திருகினான். குத்தூஸ் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவனுக்கு முன்பாகவே அளவைப் படிக்கக் குனிந்தார்.