சமையலறை மேசையில் கிரயான்கள்

விபத்துக்குப் பிறகு லீவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காபிக் கோப்பையைத் தூக்கினால் பாதி மேசையில் கொட்டும். கென்ட் நகரத்துப் பாதையில் வருடக்கணக்காக ரயில் ஓட்டியவன். அக்டோபரில் ஒரு பனிமூட்டக் காலையில், மூடியிருந்த கேட்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் சைக்கிளோடு தண்டவாளத்துக்குள் வந்துவிட்டார். லீவன் ஹாரன் அடித்தான், பிரேக்கைப் பிடித்தான். ரயில் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. செத்தவர் பெயர் பாவோ, தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர் என்று பேப்பரில் வந்தது.

டாக்டர் லீவனை வீட்டில் இருக்கச் சொன்னார். மனைவி ரீட்டா வேலைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் பேட்டரி தேடி, கல்யாணமாகிப் போன மகளின் அலமாரியைக் குடைந்தவன் கையில் கிரயான் டப்பாவும் பாதி தீட்டிய படப் புத்தகமும் அகப்பட்டன. எல்லாம் பண்ணை விலங்குகள். என்ன தோன்றியதோ, உட்கார்ந்து ஒரு பசுவுக்குப் பழுப்பு வண்ணம் அடித்தான். அழுத்தித் தேய்த்தபோது கை நடுங்கவில்லை. ரயில் மோதிய அந்தச் சத்தமும் காதில் கேட்கவில்லை.

ரீட்டா பார்த்தாள். மறுநாளே பெரியவர்களுக்கென்று விற்கிற தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள். பக்கம் பூரா கொடியும் பூவும்.

"இவ்வளவு பொடி இலைக்குள்ள எவன் அடிப்பான்? எனக்கு மாடே போதும்," என்றான். ஆனாலும் அடித்தான்.

டிப்போவிலிருந்து பார்க்க வந்த கூட்டாளி கமீல் மேசையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "டேய், அடுத்து என்ன, பால்புட்டியா?"

லீவனும் சிரித்தான். கமீல் கிளம்பிய பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தான்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் நாற்பது வயதுப் பெண், மழையில் நனைந்த கோட்டு.

"நான் மார்லீன். பாவோவோட மனைவி. திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

சமையலறையில் உட்கார வைத்தான். கிரயான்களை எடுத்து மறைக்கவும் தோன்றவில்லை.

"அவர் உங்களைப் பாத்தாரா?"

இல்லை என்றுதான் போலீசிடம் சொல்லியிருந்தான். டாக்டரிடமும் ரீட்டாவிடமும் அதையே சொன்னான். இவளிடம் அந்தப் பொய்யைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

"பாத்தார். கையத் தூக்கினார். குறுக்க வந்துட்டா கார்காரன்கிட்ட 'சாரி'ன்னு காட்டுவோமே, அந்த மாதிரி."

மார்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தான். கையை எடுத்தபோது முகத்தில் கோபம்தான் இருந்தது.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சாரி கேப்பார். எங்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல. அன்னிக்குக் காலையிலகூட சண்டை. அதனாலதான் அவருக்கு நேரமாச்சு."

கைக்கெட்டிய கிரயானை எடுத்து, அவன் பார்த்துப் பார்த்துத் தீட்டிய பக்கத்தின் மேல் அழுத்தி அழுத்திக் கிறுக்கினாள். தாள் கிழிந்தது, கிரயான் இரண்டாக உடைந்தது. லீவன் தடுக்கவில்லை. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

சாயங்காலம் ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அவர் கையத் தூக்கினப்போ நீ என்ன பண்ணே?"

"என்ன பண்றது, ரீட்டா? ஹாரன் அடிச்சிட்டே இருந்தேன்."

அதற்குப் பிறகு அவன் ரயில் ஓட்டவில்லை. வசந்தத்தில் டிப்போவிலேயே மேசை வேலை கொடுத்தார்கள். கமீலைப் பார்த்தால் தலையசைப்பான், அவ்வளவுதான். மார்லீன் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டான். சாப்பாடானதும் மேசையைத் துடைத்துவிட்டு வண்ணம் தீட்ட உட்காருவான். சில நாள் கை நடுங்காது. சில நாள் நடுங்கும். அன்றைக்கு ரீட்டா பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் நகராமல் பிடித்துக்கொள்வாள்.