கோப்பில் எழுதாத தொழில்

செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் டொக்டர்மார் ஒரு மேசையைச் சுற்றி இருந்து புற்றுநோய்க்காரரின் கோப்புகளைப் பார்ப்பார்கள். வெட்டுகிறவர், கதிர் கொடுக்கிறவர், பல் பார்க்கிறவர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், எல்லோரும் இருப்பார்கள். நோயாளி மட்டும் இருப்பதில்லை. அவருக்கு முடிவு வந்து சேரும். அதுவும் அநேகமாகப் பிள்ளைகளின் வாயால்.

கிண்ணியா ஜமால்தீனுக்கும் படிக்கட்டில் வைத்துத்தான் வந்தது.

"வாப்பா, ஒப்பரேசனாம். குரல்வளைய எடுக்கணுமாம். உயிருக்கு ஒண்டுமில்ல எண்டாங்க," என்றாள் மகள் றிஷானா.

"குரல்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தாள்.

முப்பத்தொரு வருடம் மீன் சந்தையில் ஏலம் கூறிய தொண்டை ஜமால்தீனுடையது. நாலு மாதமாகக் கரகரக்கிறது. ஆனாலும் அது திறந்தால் சந்தை இன்னும் திரும்பிப் பார்க்கும். அதை எடுத்துவிட்டு மிச்சமாக வீட்டுக்குப் போகிறவர் யார்? யோசித்துப் பார்த்தார். அந்த ஆளை அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து படியேறினார்.

"வாப்பா, கூட்டம் முடியல்ல!"

"அதுக்குத்தான் போறன்."

கதவு திறந்ததும் சத்திரசிகிச்சை டொக்டர் ஞானசேகரம் நிமிர்ந்தார். "ஐயா, இது டொக்டர்மாரிட கூட்டம். வெளியில இருங்கோ."

"என்ட தொண்டையப் பத்தின கதைக்கு நான் வெளியிலயா?"

கதிர்ச் சிகிச்சை டொக்டர் லோஜினி எழுந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஞானசேகரம் பெருமூச்சு விட்டார்.

"கதிரும் மருந்தும் குடுத்தா குரல் தப்பக்கூடும். ஆனா ஏழு கிழமை, கிட்டத்தட்ட ரெண்டு மாசம், மட்டக்களப்பில நிண்டு எடுக்கோணும். கடலுக்குப் போற ஆக்கள் மீன் படுற காலம் வந்தா பாதியில விட்டிட்டுப் போயிடுவினம். பாதியில விட்டா ஆபத்து. அதாலதான் வெட்டச் சொன்னது."

"ஆரு கடலுக்குப் போறது?"

டொக்டர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். தொழில்: மீன்பிடி.

"வள்ளத்தில கால் வெச்சாலே எனக்குத் தலை சுத்திச் சத்தி வரும், டொக்டர். நான் கரையில நிண்டு ஏலம் கூறுறவன்."

வாசலில் நின்ற றிஷானாவின் முகம் கறுத்தது. "அண்டைக்குத் தொழில் என்னண்டு கேட்டாங்க. நான் மீன் எண்டுதான் சொன்னன்."

லோஜினி படங்களை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். ஞானசேகரம் குனிந்து பார்த்தார். இருவரும் தணிந்த குரலில் வாதாடினார்கள்.

"கதிருக்கும் கட்டி கரையாட்டி?" என்றார் ஞானசேகரம் கடைசியில்.

"அண்டைக்கு வெட்டுங்க. இண்டைக்கில்ல," என்றார் ஜமால்தீன்.

"கதிர் குடுக்க முதல் பழுதான ஆறு பல்லுப் பிடுங்கோணும்," என்றார் பல் டொக்டர்.

"பத்தெண்டாலும் பிடுங்குங்க."

"ஒரு நாளும் தவறக்கூடாது, ஐயா," என்றார் ஞானசேகரம்.

"முப்பத்தொரு வருசம் விடியச் சுபஹு தொழுதிட்டு நேரா சந்தைதான். ஒரு நாள் பிந்தினனா எண்டு சம்பூர், மூதூர் ஆக்கள விசாரிச்சுப் பாருங்க."

ஞானசேகரம் 'மீன்பிடி'யை வெட்டினார். முடிவையும் வெட்டினார். அதற்கு மேல் லோஜினி 'கதிர்' என்று எழுதினார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெஸ்மின் ஜமால்தீனின் பக்கம் திரும்பினார். "அப்ப என்ட பங்கு இது. சிகிச்சை முடியுமட்டும் சத்தம் போட ஏலாது. சந்தைப் பக்கமே போகக்கூடாது. தேவையில்லாத ஒரு சொல்லும் வேணாம். ஏலுமா?"

'ஓம்' என்று முழங்க ஜமால்தீன் வாயைத் திறந்தார்.

பிறகு மூடிக்கொண்டு, ஞானசேகரத்தை நேராகப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.