ஒரு சாணும் ஒரு விரற்கடையும்

பிழிந்த படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையைப் பெரியக்காவும் பிடித்து, உதறி, விளிம்பு கோணாமல் சூடான உருளைக்குள் செலுத்தினார்கள். அந்தப் பக்கம் வந்து விழுந்ததை வாயாடியும் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் மடித்து அடுக்கினார்கள். நால்வரில் ஒருத்தி நகர்ந்தாலும் உருளையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினாலோ உள்ளே அகப்பட்ட விரிப்பு பழுப்பேறிவிடும். ஆகவே, அந்தச் சலவைக்கூடத்தில் வேலை நேரத்தில் தொலைபேசியோடு வெளியே போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு மட்டும் மேற்பார்வையாளர் கண்டும் காணாதவராக இருந்தார். கடலுக்கு அப்பால் போர்முனையில் பட்டாளத்து லாரி ஓட்டும் அவள் கணவனுக்கு வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கப்பட்ட வேளை அது. தொலைபேசியை உருளையின் பக்கத்து மேடையில் சாய்த்து வைத்து, ஒலியைக் கூட்டி, கைவேலை நிற்காமலே கத்திப் பேசுவாள். மற்ற மூவரும் கேட்காமல் இருக்க வழியில்லை. மூன்றாண்டுகளில் அவனும் அதற்குப் பழகிப்போயிருந்தான்.

ஐந்தாவது ஆளாக இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரோ, படையின் எண்ணிக்கையோ, புறப்படும் நாளோ பேச்சில் வந்துவிட்டால் அந்த முகமறியாத அதிகாரி இணைப்பைத் துண்டித்துவிடுவார். அவருக்கு இவர்கள் 'மாமனார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருமுறை அவள் விடுப்பில் வீட்டிலிருந்தபோது அவளுடைய மாமியார், "எந்த ஊர்லடா கெடக்குற?" என்று மகனைக் கேட்க, அந்த வாரத்துப் பேச்சே அத்தோடு போயிற்று. மருமகளின் தொலைபேசிதான் ஓட்டை என்று மாமியார் இன்றளவும் சாதித்து வருகிறார்.

கடந்த இரண்டு புதன்கிழமைகளிலும் அழைப்பு வரவில்லை. இந்த மாதக் கடைசியோடு அவனுடைய மூன்றாண்டுப் பணித் தவணை முடிகிறது. வருவானா என்பது ஒன்றே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை மட்டும் கேட்கக் கூடாது.

மூன்று மணி கடந்து நான்கு நிமிடத்தில் தொலைபேசி அதிர்ந்தது. அவள் முழங்கையால் அழுத்தினாள்.

"என்னங்க! நல்லா இருக்கீங்களா? ரெண்டு வாரமா ஆளையே காணோம்!"

"இருக்கேன், இருக்கேன். கையும் காலும் சரியா இருக்கு. பெரியக்கா, முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"அது எங்கேயும் போகலை தம்பி. உன்னைவிட என்கிட்ட விசுவாசமா இருக்கு" என்றாள் பெரியக்கா.

வாயாடி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, மாமனார் சாப்பிட்டாரா? அவருக்கும் வணக்கம் சொல்லிடுங்க!"

"சும்மா இருடி, கட் பண்ணிடப் போறாரு" என்று அவள் பதறினாள். நால்வரும் சிரித்தார்கள், மறுமுனையிலும் சிரிப்புக் கேட்டது.

"குட்டி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன? உங்க அம்மாவுக்கே பாடம் நடத்துறா. முன்பல்லு ரெண்டும் விழுந்திடுச்சு. அப்பாகிட்டக் காட்டணும்னு தீப்பெட்டியில போட்டு வச்சிருக்கா."

இரைச்சலை மீறிக் கேட்க அவள் கழுத்தை நீட்டினாள்.

"இங்க கடையில சின்னப் புள்ளைங்க ஷூ வந்திருக்கு" என்றான் அவன். "செவப்பு. அவளுக்குப் பிடிக்கும். கால் அளவு சொல்லேன்."

"சரியா என் கைக்கு ஒரு சாண் இருக்குங்க."

அவன் காண மாட்டான் என்பதை மறந்து, மேடையில் விரிந்திருந்த அடுத்த விரிப்பின்மேல் வலக்கையைச் சாணாக விரித்து வைத்தாள்.

"அப்ப... ஒரு விரக்கடை கூட்டியே வாங்கிடுறேன். பார்சல்ல போட்டுடுறேன்."

"ஒரு விரக்கடையா!" என்று கூவினாள் வாயாடி. "அண்ணே, அதுல புள்ளை நடக்க முடியாது. துடுப்புப் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போகணும்!"

புதிதாகச் சேர்ந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு இடக்கையின் ஒரு விரலைச் சாணின் ஓரத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தாள். மகளின் கால் அவ்வளவு வளர ஓராண்டுக்கு மேலாகும். போன முறை வாங்கிய செருப்பிலிருந்து அவளுக்கு அது தெரியும். மாதக் கடைசியில் வருகிறவன் கையிலேயே கொண்டுவருவானே, பார்சல் எதற்கு?

"என்னங்க," என்றாள். அதற்குமேல் கேட்கக் கூடியதாக ஒரு சொல்லும் அகப்படவில்லை.

"கேக்குது" என்றான் அவன். "நேத்துதான் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, ஒரு தாளைப் படிச்சுக் காட்டி..."

இணைப்பு அறுந்தது.

"மாமனார்!" என்று வாயாடி பல்லைக் கடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. கூடத்தின் கோடியிலிருந்து மேற்பார்வையாளர், "முடிஞ்சுதா? விரிப்பு வரட்டும்!" என்று குரல் கொடுத்தார்.

பெரியக்கா தன் முனையை உருளையின் வாயில் கொடுத்துவிட்டாள். துணி நகரத் தொடங்கியது. அதன்மேல் அவளுடைய சாணும், அதையொட்டிய ஒரு விரலும் மடங்காமல் அப்படியே இருந்தன. துணியோடு சேர்ந்து அவையும் சூட்டை நோக்கி நகர்ந்தன.

"கையை எடுடி" என்றாள் பெரியக்கா, மெதுவாக. "கண்ணு, கையை எடு."