உட்கார்ந்தால் ஊளையிடும் மைக்

நேற்று வாய் திறக்காத மைக் இன்று ஊளையிட்டது. அதே மைக், அதே ஒயர், அதே மிக்ஸர், அதே ஸ்பீக்கர். நேற்று லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டரை மணி நேரம் ஒருவர் அதில் கத்திப் பாடினார். ஒரு முனகல்கூட வரவில்லை. இன்று ஞாயிறு மதியம், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எண்பது நாற்காலி கொள்ளும் சபா அரங்கில், ஒலியைப் பாதிகூட ஏற்றவில்லை. அதற்குள் "கொய்ங்" என்றது.

"அக்கா, இறக்குங்க! காது போச்சு!" என்று மேடையிலிருந்து கத்தினார் ரவிக்குமார். என் ஒலிச் சாமான்களைத் தன் டெம்போவில் ஏற்றி இறக்குபவர் அவர்தான். ஏற்றி இறக்கிய பிறகு கருத்துச் சொல்வதையும் தன் வேலையில் சேர்த்துக்கொண்டவர்.

ஊளை எப்படி வருகிறது என்பது எளிய விஷயம். பாடுபவருக்கு அவர் குரல் அவருக்கே கேட்பதற்காக மேடையில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வைப்போம். அதற்கு மானிட்டர் என்று பெயர். மானிட்டரிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்தால், பெருகி மானிட்டரிலேயே வரும், மறுபடி மைக்குக்குள் போகும். சுற்றிச் சுற்றிப் பெருகி ஒரே சுரத்தில் அலறும். அதைத் தடுக்கத்தான் பாட்டு மைக்குகளுக்குக் காது ஒரு பக்கம் மட்டும் இருக்கும்படி செய்கிறார்கள். முன்னால் இருப்பது நன்றாகக் கேட்கும், பின்னால் இருப்பது கேட்காது. ஆகவே மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேரே, அதாவது ஒயர் செருகும் முனைக்கு நேரே வைக்க வேண்டும். பதினொரு வருடமாக அப்படித்தான் வைக்கிறேன். இன்றும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

மேடையில் ஜமுக்காளத்தின் நடுவே உட்கார்ந்திருந்த பார்கவி என்னைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது, வைட்ஃபீல்டில் அலுவலக வேலை. இரண்டு வருடத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷன். அதன் பிறகு குரல் திரும்பி வந்தது, ஆனால் சின்னதாக வந்தது. இன்று ஆறு மணிக்கு, ஆபரேஷனுக்குப் பின் அவருடைய முதல் முழுக் கச்சேரி.

"டாக்டர் பாடலாம்னுதான் சொன்னார் பிரிஜெட். தொண்டையை அழுத்தக் கூடாதுன்னார். என் குரல் எனக்குக் கேக்கலேன்னா நான் அழுத்திடுவேன். தெரிஞ்சே செய்யறதில்லை, தானா வரும்."

அது உண்மை. இரைச்சலான பஸ்ஸில் போன் பேசுபவர் தன்னையறியாமல் கத்துவார் இல்லையா, அதேதான். மானிட்டர் சரியாகக் கேட்டால் பார்கவி மெதுவாகப் பாடுவார். கேட்காவிட்டால் மூன்றாவது கீர்த்தனையில் குரல் உடையும்.

சபாவின் செயலாளர் ஸ்ரீகண்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. லாவண்யா பின்பாட்டுக்கு வர்றா. அவளையே மெயினா பாட வெச்சுட்டு, நீங்க முதல் ரெண்டு பாட்டு மட்டும் பாடினா? அஞ்சரைக்குள்ள சொல்லிடுங்க."

லாவண்யா பார்கவியின் மாணவி. நல்ல கனத்த குரல், மானிட்டரே தேவையில்லை. பார்கவி தலையை மட்டும் அசைத்தார். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

"பழைய மைக்கைப் போடுங்களேன் அக்கா," என்றார் ரவிக்குமார், தன் கன்னடம் கலந்த தமிழில். "அது பாவம், சும்னே இருக்கும். கூவாது."

மாற்றாக டெம்போவில் வைத்திருந்த பழையதைப் போட்டுப் பார்த்தேன். கூவவில்லைதான். ஆனால் பார்கவிக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளி மிருதங்கம். சின்னக் குரலுக்காக மைக்கை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். அகலமாகக் கேட்கும் பழைய மைக் மிருதங்கத்தையும் சேர்த்தே வாரிக்கொண்டது. பார்கவியின் குரலைக் கேட்கிற அளவுக்கு ஏற்றினால், "தொம்" என்று மிருதங்கம்தான் முன்னால் வந்து நின்றது. ஊளையிட்ட மைக் புதியது, வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அது குறுகலாகக் கேட்கும். பக்கவாட்டுச் சத்தத்தைப் பழையதைவிட அதிகம் தள்ளிவிடும். மெல்லிய குரலுக்கும் பக்கத்தில் தாள வாத்தியத்துக்கும் ஏற்ற மைக் அதுதான். தேர்வில் தவறில்லை. அப்படியானால் தவறு எங்கே?

ஒயரை மாற்றினேன். மிக்ஸரில் வேறு இடத்தில் செருகினேன். எந்தச் சுரத்தில் அலறுகிறதோ அந்த இடத்தை மட்டும் மிக்ஸரில் வெட்டிப் பார்த்தேன். ஊளை குறைந்தது, பார்கவியின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. மைக்கின் வால் இன்னும் சரியாக மானிட்டரைப் பார்க்கும்படி திருப்பினேன். இன்னும் மோசமாக அலறியது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. சரியாகச் செய்யச் செய்யத் தப்பாகிறது.

"நேத்து இந்த உயரத்துல இருந்துச்சு, ஒண்ணும் ஆகலையே," என்று சொல்லிக்கொண்டே ரவிக்குமார் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கைத் தன் வாய் உயரத்துக்கு இழுத்தார். அலறல் நின்றது. இறக்கினார். அலறியது. ஏற்றினார். நின்றது.

அவர் சிரித்தே விட்டார். "அக்கா, இந்த மைக்குக்கு மரியாதை வேணுமாம். நின்னு பாடினாத்தான் கேக்குமாம்!"

"அப்போ நின்னே பாடட்டுமே," என்றார் ஸ்ரீகண்டன்.

"நின்னா தாளத்தை எங்கே சார் போடறது?" பார்கவி தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "முப்பத்தஞ்சு வருஷமா சம்மணம் போட்டுப் பாடின உடம்பு. நிக்க வெச்சா பல்லவி மறந்துடும்."

மிருதங்கக்காரர் தலைகுனிந்து சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஏற்றினால் நிற்கிறது, இறக்கினால் அலறுகிறது. மைக் பழுதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். உயரம் மாறும்போது வேறென்ன மாறுகிறது?

முதலில் தூரம். மேலே போனால் மானிட்டரிலிருந்து மைக் விலகுகிறது. மைக்கைக் கீழேயே வைத்துவிட்டு, மானிட்டரை அதே அளவு பின்னால் தள்ளச் சொன்னேன். ஒயரால் அளந்தே தள்ளினோம். கொஞ்சம் குறைந்தது, ஆனால் அலறியது. தூரம் மட்டும் இல்லை.

"உங்க தம்புராவைக் குடுங்க மேடம்," என்றேன். கையடக்கப் பெட்டிதான், மின்சாரத் தம்புரா. நிற்காமல் ஒரே அளவில் ஒலிக்கும். அதை மானிட்டரில் மட்டும் வரவிட்டேன். மைக்கின் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கும் போகாமல் என் ஹெட்போனுக்கு மட்டும் வரும்படி செய்தேன். பிறகு மைக்கைக் கையில் பிடித்து மானிட்டருக்கு முன்னால் மண்டியிட்டு, மெதுவாகச் சுழற்றினேன்.

முகம் மானிட்டரைப் பார்க்கும்போது தம்புரா பெரிதாகக் கேட்டது. பக்கம் திரும்பத் திரும்பக் குறைந்தது. பக்கவாட்டைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போனதும், ஓரிடத்தில் தம்புரா அப்படியே காணாமல் போயிற்று. இன்னும் திருப்பினேன். வால் நேராக மானிட்டரைப் பார்த்ததும், தம்புரா மறுபடி வந்தது! பெரிதாக இல்லை, ஆனால் தெளிவாக வந்தது. மறுபக்கம் திருப்பினால் மறுபடி ஓரிடத்தில் மறைந்தது.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "பார்கவி மேடம், இதைக் கேளுங்க, இதைக் கேளுங்க," என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டு மறுபடி சுழற்றினேன்.

"இங்கே இருக்கு… இருக்கு… ஐயோ, போயிடுத்து!" அவர் கண் விரிந்தது. "மறுபடி வர்றதே! பின்னாடிப் பக்கம் கேக்காதுன்னுதானே சொல்வேள்?"

"பழைய மைக்குக்குத்தான் அப்படி. இதுக்கு நேர் பின்னாடி ஒரு சின்னக் காது இருக்கு. காதே இல்லாத இடம் ரெண்டு, சாய்வா இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

முன்பக்கம் குறுகலாகக் கேட்கும்படி மைக்கைச் செய்தால், அதற்கு விலையாகப் பின்னால் கொஞ்சம் கேட்கத் தொடங்கிவிடும். மைக்கோடு வந்த தாளில் இது படமாகவே போட்டிருக்கும். அந்தத் தாளைப் பெட்டியோடு சேர்த்து நான் எறிந்துவிட்டேன். மைக் என்றால் மைக், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று.

"அப்போ நேத்து?" ரவிக்குமார் விடவில்லை. "நேத்தும் நேர் எதிர்லதானே வெச்சோம்?"

அதைத் தரையில் கைவைத்தே விளக்கினேன். நேற்றுப் பாடியவர் நின்றார். மைக் அவர் வாய்க்கு நேராக, தரைக்கு இணையாக நீட்டியிருந்தது. வால் சபையைப் பார்த்தது. மானிட்டரோ தரையில், வாலுக்கு வெகு கீழே. மைக்கிலிருந்து பார்த்தால் மானிட்டர் நேர் பின்னால் இல்லை, சாய்வாகக் கீழே இருந்தது. காதில்லாத இடத்தில் தற்செயலாக உட்கார்ந்திருந்தது. மேலே கீழே என்றாலும் பக்கவாட்டில் என்றாலும் மைக்குக்கு ஒன்றுதான். நானும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கல்யாண வரவேற்பு, சர்ச் பாட்டு, கல்லூரி விழா என்று எனக்கு வரும் வேலையெல்லாம் நின்று பாடுகிறவர்களுடையது. இன்று பார்கவி தரையில் உட்கார்ந்ததும் மைக் மானிட்டரின் உயரத்துக்கே இறங்கி வந்துவிட்டது. நான் வேறு வாலை ஒழுங்காக நேர்படுத்தி, அந்தச் சின்னக் காதை மானிட்டரின் வாயிலேயே வைத்தேன்.

"ஆக, தப்பு மைக்கோடது இல்லை," என்றார் ரவிக்குமார் மிக்க திருப்தியுடன்.

"இல்லை. தூக்குங்க அதை."

மானிட்டரைப் பார்கவியின் இடப்பக்கம் சாய்வாக நகர்த்தினோம். வலப்பக்கம் மிருதங்கம் இருந்ததால் அங்கே இடமில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தம்புரா மறையும் இடம் வரும்வரை "இன்னும், இன்னும், கொஞ்சம் பின்னாடி, நில்லுங்க!" என்றேன். மானிட்டரின் முகம் பார்கவியின் காதைப் பார்க்கும்படி அடியில் ஒரு மரக்கட்டை வைத்து நிமிர்த்தினோம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வயலின்காரர் தன் ஜமுக்காளத்தோடு ஒரு அடி பின்னால் நகர்ந்து, தனக்கும் இப்போது பாட்டு கேட்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

ஒலியை ஏற்றினேன். பாதி. முக்கால். பழைய எல்லையைத் தாண்டினேன். ஸ்ரீகண்டன் முன்னெச்சரிக்கையாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். ஒன்றும் அலறவில்லை.

"பாடுங்க மேடம். மெதுவா."

பார்கவி கண்ணை மூடி ஒரு ஸட்ஜமத்தைத் தொட்டார். சின்னக் குரல்தான். அது அவருக்கே திரும்பி வந்தபோது அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். மேலே போனார். மேல் ஸட்ஜமத்தில் நின்றார், கழுத்தில் ஒரு நரம்பும் புடைக்கவில்லை. அரங்கின் கடைசி வரிசையில் போய் நின்று கேட்டேன். ஒவ்வொரு எழுத்தும் வந்தது, மிருதங்கம் அதன் இடத்தில் இருந்தது.

மணி ஐந்து இருபது. ஸ்ரீகண்டன் கேட்பதற்கு முன்பே பார்கவி சொன்னார்: "முழுசும் நானே பாடறேன் சார். லாவண்யா பின்பாட்டு."

இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் பாடினார். குரல் உடையவில்லை. கச்சேரி முடிந்து சாமான்களைக் கட்டும்போது, மைக் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் நான் எழுதி ஒட்டியது இது:

தரையில் உட்கார்ந்து பாடுபவருக்கு இந்த மைக்கை வாய் உயரத்தில், நாலு விரல் தள்ளி, தரைக்கு இணையாக வை. மானிட்டரை வாலுக்கு நேரே வைக்காதே. வால் காட்டும் திசைக்கும் பக்கவாட்டுக்கும் நடுவில், பாதிக்குச் சற்று அதிகமாகப் பக்கம் தள்ளி, சாய்வாக வை.