குசினிக்குள் தலைவர்

உலகத் தமிழினத்துக்கு மிகுந்த பொறுப்புணர்வோடு அறியத் தருவது யாதெனில், சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் தமிழர் கலைச்சோலை தன் இருபத்து மூன்றாண்டு வரலாற்றில் முதல் தடவையாக, பெண்களைப் பற்றிய கருத்தரங்கில் பெண்களையே பேச விடத் தீர்மானித்திருந்தது.

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கைதட்டியவர் எல்லாரும் ஆண்கள். தலைவர் தில்லைநாதன் பதினொரு பக்கத்தில் தலைமையுரை எழுதி முடித்திருந்தார். ‘தலைமுறைகள்தோறும் தமிழ்ப்பெண்’. இரண்டாம் பக்கத்தில் பெண் விழித்தெழுவாள். ஏழாம் பக்கத்தில் பறப்பாள். அதை மேடையில் முழங்கிவிட வேண்டும் என்பதுதான் அந்த மாதம் முழுக்க அவருடைய ஒரே கனவு.

அதற்குக் குறுக்கே வந்தது ஒரு கேள்வி. கேட்டவர் அவருடைய மனைவி கஜலக்சுமி. நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர்.

“இஞ்சாருங்கோ, சனிக்கிழமை எண்பது பேருக்கு ஆர் சமைக்கிறது?”

“வழமையாச் சமைக்கிற ஆக்கள்தான்.”

“அந்த ஆறு பேரும் மேடையில. நானும்தான்.”

தலைவர் இதை யோசித்திருக்கவில்லை.

“அப்ப கடையில எடுப்பம்.”

“கடையில சமைக்கிற செசீலியாக்காவும் பேசுறா.” கஜலக்சுமி பொறுமையாகச் சொன்னார். “எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார். ஹோட்டலில இருபத்தெட்டு வருசமாச் சமைக்கிறவர்.”

“அது கியூஹே. இது குசினி,” என்றார் அந்த ஒராளாகிய தலைவர்.

சட்டம் படிக்கும் மகள் பவதாரணி கைபேசியிலிருந்து நிமிர்ந்தாள். “அப்பா, டொய்ச்சில கியூஹே எண்டாலும் குசினிதான்.”

ஜெர்மன் அகராதிக்கு அப்படி இருக்கலாம். தில்லைநாதனுக்குக் கியூஹே என்றால் வெள்ளைத் தொப்பி, கூரான கத்தி, பெயர் பொறித்த சட்டை. குசினி என்றால் பெண்கள். இந்த வித்தியாசத்தின் பலத்தில் அவர் பல வருடங்களாக வீட்டில் ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சமைக்கச் சம்மதித்தார். தலைமையுரை முடிவுரையாகும். சோற்றை இறக்கி வைத்துவிட்டு நேரே மேடைக்கு வருவார்.

சனிக்கிழமை, மண்டபக் குசினியில் ஏப்ரனுக்குள் பதினொரு பக்கங்களைச் செருகிக்கொண்டு வெங்காயம் வெட்டினார். இறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் சரியாக வந்தன. கடைசி அண்டாச் சோறு அடுப்பில் கிடந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த வினோதம் உறைத்தது. இத்தனை வருடத்தில் அவர் பேசும்போதெல்லாம் இந்தப் பெண்கள் இங்கேதான் நின்றிருக்கிறார்கள். அவர்கள் பேசி அவர் கேட்டதேயில்லை. அப்படி என்னதான் பேசுவார்கள்?

பரிமாறும் யன்னலை ஒரு சாண் திறந்து காதைக் கொடுத்தார். மனைவியின் குரல்.

“என்ர அம்மா சமைச்சா. என்னைப் படிக்க விட்டா. தொண்ணூற்றாறில நான் இஞ்ச வந்து இறங்கேக்க சுடுதண்ணி மட்டும்தான் வைக்கத் தெரியும். சோறு காய்ச்சப் பழக்கினது என்ர மனிசன். அரிசிக்கு மேல எவ்வளவு தண்ணி எண்டு விரலை விட்டுக் காட்டினவர். மூண்டு மாசத்தில நான் பழகிட்டன். அவருக்கு மறந்து போச்சு.”

மண்டபம் சிரித்தது. தில்லைநாதனின் காது சுட்டது.

“ஆனா…” என்றார் கஜலக்சுமி.

அவர் யன்னலை முழுதாகத் திறந்தார். ஆனா என்ன?

“ஆனா பழக்கேக்க ஒருநாளும் கோவிக்கேல்லை. ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில நிண்ட அந்த மூண்டு மாசம்தான் எனக்கு இந்த நாட்டில நல்லாப் பிடிச்ச காலம். பிறகு ஏன் குசினியை விட்டு வெளியில போனவர் எண்டு நான் கேட்கேல்லை. என்ர மகள் கேட்பாள். அவ்வளவுதான் வித்தியாசம்.”

இதை அவர் பதினொரு பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று கரண்டியும் கையுமாகக் காத்து நின்றார். கைதட்டல் ஓய்ந்தது. செசீலியா பேசினார். அதையும் கேட்டார். அதன் பிறகு பேசியவரையும் கேட்டார்.

“இப்போது தலைவரின் முடிவுரை,” என்றாள் ஒலிவாங்கியில் பவதாரணி.

ஏப்ரனோடு மேடையேறினார். பக்கங்களை எடுத்தார். கறிச்சாறு பட்டு, இரண்டாம் பக்கத்துப் பெண் ஏழாம் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று முன்வரிசையில் கஜலக்சுமி பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிடுவம்,” என்றார் தில்லைநாதன்.

சோறு குழைந்திருந்தது.