உப்பு டப்பா

அருங்காட்சியகம் என்றாலே ஓவியனுக்கு ஆகாது. "படத்தைச் சாகடிச்சுட்டு அதுக்கு ஏசி போட்டுக் குடுக்கற இடம்" என்பான். உள்ளே வருகிறவர்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய சீட்டை இரண்டு நிமிடம் படிப்பார்கள், படத்தை இரண்டு விநாடி பார்ப்பார்கள், பிறகு கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நாற்பது வருடமாக இதையே சொல்லிப் பேர் வாங்கியவன், அதே அருங்காட்சியகம் "உங்கள் வேலை அறையை அப்படியே எங்கள் கூடத்தில் அமைக்க விரும்புகிறோம்" என்று கடிதம் போட்டதும் வாயெல்லாம் பல்லாகிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். திட்டுவது வேறு, கூப்பிட்டால் போகாமல் இருப்பது வேறு.

அவர்கள் வந்து அறையை அள்ளிக்கொண்டு போன அன்று அவன் வீட்டில் இல்லை. அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தான். அக்கா முப்பது வருடம் தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பித்தான் தைத்தவள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி வேலை வெட்டி இல்லாமல் வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். கண் நரம்பு பட்டுப்போகிறது, ஆபரேஷன் செய்தும் பிரயோசனமில்லை, மழைக்காலம் தாண்டினால் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் அன்று சொல்லிவிட்டார்.

வீட்டில் ஆறு வருடமாக முடியாமல் நின்றது அக்காவின் படம். முகம் முடிந்துவிட்டது, கைகள் மட்டும் பாக்கி. அக்காவின் கண் இருக்கும்போதே அதை முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்தான்.

வந்து பார்த்தால் ஜன்னல் மேடையில் டப்பா இல்லை.

பிரஷ்களையும் வர்ணங்களையும் அக்காவின் படத்தையும் முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைத்த புத்திசாலி, டப்பாவை மறந்திருந்தான். அதில் இருந்தது செங்கல் தூள். அக்காவும் அவனும் பிறந்த வீட்டைச் சாலைக்காக இடித்தபோது இரண்டு செங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இடித்துச் சலித்து வைத்தது. எண்ணெயில் குழைத்து அதைக் கொண்டுதான் அவன் மனிதர்களின் தோலைப் போடுவான். கடையில் வாங்கும் எந்த வர்ணத்திலும் அந்தச் சொரசொரப்பு வராது. மிச்சம் இருந்ததே அரை டப்பா.

அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த பெண்ணுக்குப் போன் போட்டான்.

"ஒரு கைப்பிடி எடுத்துக் குடும்மா, போதும்."

"சார், அதுக்கு நம்பர் போட்டாச்சு. நூத்திப் பதினேழு. இனிமே அது தூள் இல்ல, படைப்பு. உங்க படைப்பாற்றலோட ஊற்றே அதுதான்னு..."

"எனக்கு ஊற்றும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காலைல எந்திரிச்சா பிரஷ் கழுவுவேன், அவ்வளவுதான்." பட்டென்று வைத்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்து, கூடம் திறந்த அன்றே நேரில் போனான். அக்காவைத் தனியே விட மனமில்லாமல் கூடவே கூட்டிப் போய், தன் சொந்த அறையைப் பார்க்க இரண்டு டிக்கெட் வாங்கினான். சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாம் அப்படியே இருந்தது. போன வருடம் தொலைத்த ஒற்றைச் செருப்பைக்கூடக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். டப்பாவுக்கு மட்டும் தனிக் கண்ணாடிப் பெட்டி, தலைக்கு மேல் விளக்கு.

"என்னடா எழுதியிருக்கு?" என்றாள் அக்கா.

சீட்டை உரக்கப் படித்தான். "உப்பு என்று எழுதிய கலனில் செந்தூளை நிரப்பியதன் வழியே, சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைக் கலைஞர் முறித்துப் போடுகிறார்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். காவலாளி பதறிப்போய்ப் பொறுப்பாளரை அழைத்து வந்தான்.

"இது என் அடுப்படி டப்பாம்மா," என்றாள் அக்கா. "மூடி சரியா மூட மாட்டேங்குது, உப்பு கசியுதுன்னு தூக்கிப் போட்டேன். இவன் பொறுக்கி வச்சுக்கிட்டான்."

"இல்லம்மா, எழுத்து சாரோடதுன்னு நிபுணர் சொல்லி..."

"ஒரு பேப்பர் குடு."

அக்கா பார்க்காமலே, பழக்கத்தில், உப்பு என்று எழுதினாள். டப்பாவில் இருந்த அதே கோணல், அதே சுழி. "இவன் சாமான எடுத்துக்கறதுக்குத்தானே இவன்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க? என்னோட சாமானுக்கு யார்கிட்ட வாங்கினீங்க?"

பொறுப்பாளரின் முகம் வெளிறியது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே முறிந்த அந்த ஒப்பந்தத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிய நிபுணர் அன்று சாயங்காலம் அதே கூடத்தில் பேசுவதாக இருந்தார். புத்தகமும் அச்சாகி வந்துவிட்டது. பொறுப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியின் சாவியை எடுத்தாள். "தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க" என்றாள். உண்மை வேண்டாம், சீட்டு கெடாமல் இருந்தால் போதும் என்கிற அந்த முகத்தைப் பார்க்க ஓவியனுக்கு அருவருப்பாக இருந்தது. தூளை ஒரு சிட்டிகை விடாமல் கவரில் கொட்டிக்கொண்டான்.

"டப்பாவ நீயே வச்சுக்கம்மா. இப்பவும் மூடாது," என்றாள் அக்கா.

"சார், உள்ள என்ன போடறது?"

"உப்பு போடுங்க," என்றான் ஓவியன்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல் நுனிகள், வீங்கிய கணுக்கள், பித்தானைப் பிடிக்கிற கட்டைவிரல். தூளைக் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொன்றையும் மேடாக எழுப்பினான். மழை தொடங்கியபோது படம் காய்ந்திருந்தது. ஆறு வருட வேலையில் முதன்முறையாக அவனுக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது.

படம் முடிந்த விஷயம் எப்படியோ அருங்காட்சியகத்துக்கு எட்டிவிட்டது. பொறுப்பாளரே போன் செய்தாள். பிரதானக் கூடம், நடுச்சுவர், அந்தப் படம் ஒன்று மட்டும். ஓவியனுக்கு மறுபடியும் வாயெல்லாம் பல். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, உன்னை நடுச்சுவத்துல மாட்டறாங்களாம்," என்றான்.

அக்கா படத்தை மூக்கு உரசுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். படத்தின் விரல்கள்மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்து, காய்ப்பைத் தடவி, கட்டைவிரலில் வந்து நின்றாள்.

"வேண்டாம்டா," என்றாள். "அங்க கயிறு கட்டிடுவாங்க. அப்புறம் நான் எப்படிப் பார்க்கறது?"