சஹனில் வைக்காத இனிப்பு

டப்பாவில் வரும் சீஸ் லேசில் உருகாது, அதனால்தான் அதைத் துணிந்து எண்ணெயில் போடலாம் என்றார் ஹபிபுல்லா. டப்பாவின் இரண்டு பக்கத் தகரத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த மஞ்சள் கட்டியைக் கட்டை விரலால் தள்ளி வெளியே எடுத்தார். பலகையில் வைத்து விரல் பருமனுக்கு நறுக்கினார். தோஹாவில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வருஷக்கணக்காக விருந்துப் பலகாரம் செய்த கை. ஒரு துண்டுகூடப் பெரிது சிறிதாக விழவில்லை.

பக்கத்தில் நஜீமா, ஜெயங்கொண்டத்திலிருந்து வரவழைத்த முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். மாவாகிவிடக் கூடாது, ரவை மாதிரி நிற்க வேண்டும். சீஸ் துண்டை முட்டையில் முக்கி, முந்திரித் தூளில் புரட்டி, ஃபிரிட்ஜில் இறுக வைத்துவிட்டு, ஆட்கள் வந்ததும் பொரிக்க வேண்டும். பஜ்ஜி மிளகாயின் விதையை வழித்துவிட்டு, கொத்துக்கறியும் சீஸும் பிசைந்து அடைப்பது இன்னொன்று. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவோடு சீஸும் மிளகுத்தூளும் சேர்த்துத் திரும்ப நிரப்புவது மூன்றாவது. மைதா, கடலைமாவு, உருளைக்கிழங்கு, ரொட்டித் தூள் எதுவும் எதிலும் சேரவில்லை.

“துபாய்க்காரர் வூட்டுப் பலகாரம்னு அரியலூர் பூரா பேசப்போறாங்க பாரு” என்றார் ஹபிபுல்லா.

“நீங்க இருந்தது கத்தாரு.”

“அவுங்களுக்கு எல்லாம் துபாய்தான்.”

அவர் சிரித்தார். நஜீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் இன்ஷாவின் கல்யாணத் தேதியை முடிவு செய்ய, அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அரியலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளை முகமது அனஸ் ரியாத்தில் கணக்கராக இருந்தான். அவன் அத்தா ஜபருல்லா அரியலூரில் இரும்புக்கடை வைத்திருந்தார். பெண்ணைப் பிடித்துவிட்டது, பேச வேண்டியதைப் பேசியும் ஆகிவிட்டது. இந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் கடத்திவிட வேண்டும். ஹபிபுல்லாவுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

போன வருஷம் நல்ல இடம் ஒன்று இதனால்தான் தட்டிப்போயிற்று. வந்தவர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. தகப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும், பெண்ணுக்கு வந்தால் பிள்ளைக்கும் வரும், தெரிந்தே போய் விழ வேண்டுமா என்று கேட்டதாகத் தரகுக்காரி பிறகு வந்து சொன்னாள். அதிலிருந்து சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டில் எந்த டாக்டரிடமும் காட்டுவதில்லை. பெரம்பலூருக்குப் போய்க் காட்டிவிட்டு, துணி எடுக்கப் போனோம் என்பார்கள். மாத்திரை அரிசி டின்னுக்குள் இருக்கும். ஹபிபுல்லா லீவை நீட்டிக்கொண்டே போவதற்கு முதலாளி மாறிவிட்டார் என்று ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

விருந்து என்றால்தான் வம்பு. நாலு பேருக்கு ஒரு சஹன் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். யார் எதை எடுக்கிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்பது அத்தனை பேர் கண்ணிலும் படும். சமோசாவை ஒருவர் ஒதுக்கினால் எதிரே இருப்பவர் எடுத்து அவர் பக்கம் வைப்பார். அதையும் ஒதுக்கினால் ஏன் என்று கேட்பார். ஆகவே ஹபிபுல்லாவுக்கென்று தனியாக எதுவும் செய்ய முடியாது. சஹன் முழுவதுமே அவர் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். இதை யோசித்தவள் நஜீமா. செய்யும் வகையைச் சொன்னவர் அவர்.

பலகாரம் முடிந்ததும் நெய்ச்சோறும் பிர்னியும் என்று முதலில் ஏற்பாடு. நெய்ச்சோற்றைப் பண்டாரி பிச்சைமுத்து நஜீமாவின் தம்பி வீட்டுக் கொல்லையில் ஆக்கிக் கொண்டுவருவதாகப் பேச்சு. காலையில் ஹபிபுல்லா முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா மைமூன் போன் செய்தாள். சோறெல்லாம் வேண்டாம், டீயோடு முடித்துக்கொள்வோம், ரோடு கிடக்கிற கிடையில் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றாள். நஜீமா உபசாரத்துக்கு இரண்டு முறை வற்புறுத்திவிட்டு ஒப்புக்கொண்டாள். ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. பண்டாரிக்கு ஆள் அனுப்பினாள். பிர்னிக்கான பால் வேலையையும் நிறுத்தினாள். அதன்பின் வேலை மேல் வேலையாக வந்ததில் புருஷனிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

மதியம் அவர் சாப்பிட வரவில்லை. வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்கிறேன் என்றார். அதுவும் அவளுக்கு நல்லதாகத்தான் பட்டது.

வந்தவர்கள் இரண்டு வண்டிகளில் வந்தார்கள். ஆண்கள் கூடத்தில், பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் உள்ளறையில். மைமூன் கையோடு கொண்டுவந்த லட்டுப் பெட்டியையும் ஜாங்கிரிப் பெட்டியையும் நஜீமா வாங்கி நேராக அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தேதி வைத்ததும் சம்பந்திமார் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டுவது முறை. பெட்டி கண்ணில் படாமல் இருந்தால் முறை மறந்துபோகும் என்று அவள் கணக்குப் போட்டாள். மைமூன் அலமாரியைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

சஹன்கள் போயின. சீஸ் துண்டுகள் வெளியே முந்திரி மொறுமொறுக்க, உள்ளே வெண்ணெய் மாதிரி இருந்தன. என்ன இது, என்ன இது என்று திரைக்கு அப்பால் கேட்டார்கள். ஜபருல்லா மிளகாயை இரண்டாவது முறை எடுத்ததை நஜீமா திரையின் ஓரம் வழியாகப் பார்த்தாள். ஹபிபுல்லா எல்லோரோடும் சமமாகச் சாப்பிட்டார். ஓட்டலில் அரபிகள் இதை எப்படித் தின்பார்கள் என்று நடித்துக் காட்டினார். கூடமே சிரித்தது. இவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தானா என்று நஜீமாவுக்கு இருந்தது.

நோன்புப் பெருநாள் கழித்து எந்த வாரம் என்று பேச்சு வந்தபோதுதான் ஹபிபுல்லாவின் குரல் மாறியது. ஜபருல்லா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டபோது, “எந்தக் கல்யாணம்?” என்றார். விளையாட்டு என்று நினைத்து ஒருவர் சிரித்தார். ஹபிபுல்லாவின் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. நெற்றியிலிருந்து வேர்வை சஹனில் சொட்டியது. தட்டிலிருந்த முட்டையை எடுக்கப்போன கை பாயைப் பிடித்தது. நாக்குக் குழறி, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அவர் வாயில் நஜீமா அதைக் கேட்டதே இல்லை.

ஜபருல்லாவின் தம்பி எழுந்து நின்றுவிட்டார். “பாய் ஊத்திக்கிட்டு வந்து உக்காந்திருக்காரு” என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

நஜீமா திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். அவரைத் தாங்கிப் பிடித்தபோது உடம்பு கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. பின்னாலேயே மைமூன் வந்தாள். அவள் கையில் பெண்களுக்குக் கொடுத்திருந்த நன்னாரி சர்பத் டம்ளர் அப்படியே நிறைய இருந்தது.

“இதக் குடிக்கச் சொல்லுங்க சம்பந்தி. சட்டுனு குடுங்க.”

நஜீமா டம்ளரைப் புறங்கையால் தள்ளினாள்.

“வேணாம் லாத்தா. அவருக்குச் சர்க்கரை. இதக் குடுத்தா உசுரே போயிரும்.”

ஒரு வருஷமாக அரிசி டின்னில் கிடந்தது இப்படி வெளியே வந்துவிட்டது. மைமூனின் கை நீட்டியபடியே நின்றது. அவள் தன் புருஷனைப் பார்த்தாள். ஜபருல்லாவும் அவளைப் பார்த்தார். பிறகு அவள் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த சுமோவிலேயே ஏற்றினார்கள். ஓட்டிவந்த மாயவன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் போனான். ஆனாலும் திருமாந்துறை தாண்டி நாலுவழிச் சாலைக்காகத் தோண்டிப்போட்ட இடங்களில் ஊர்ந்துதான் போக முடிந்தது. ஹபிபுல்லாவுக்கு வெட்டு வந்து கைகால் இழுத்தது. பல்லுக்கிடையில் நஜீமா தன் முந்தானையைத் திணித்தாள். மடியில் அவர் தலையைப் போட்டுக்கொண்டு, அந்த முந்திரியில் இருந்திருக்குமோ, முட்டையில் இருந்திருக்குமோ, எதில் இவ்வளவு சர்க்கரை ஏறியது என்று திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டே போனாள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோறு? இல்லை. இனிப்பு? ஒரு துளி தரவில்லை என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். நர்ஸ் அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். காலையில் நஜீமா கொடுத்தது போக இன்னும் மூன்று குழிகள் உடைந்திருந்தன.

தோஹாவில் அறைக்காரர்கள் செய்கிற வேலை இது. எங்காவது கல்யாணச் சாப்பாடு என்றால் போகும்போது கூட இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு போவார்கள், பிரியாணியும் இனிப்பும் அதற்குச் சரியாகப் போய்விடும் என்று அவரே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். நெய்ச்சோறு வரும், பிர்னி வரும், சம்பந்தி லட்டை வாயில் திணிப்பார், மறுக்க முடியாது என்று எதிர்பார்த்து முன்கூட்டியே விழுங்கியிருக்கிறார். எதுவும் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்.

“சர்க்கரை ஏறலம்மா, எறங்கிப்போச்சு” என்றார் டாக்டர். “ஒரு டம்ளர் சர்பத் குடுத்திருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. அங்க யாருக்கும் தெரியலியா?”

குளுக்கோஸ் ஏற்றினார்கள். நினைவு வர நாளாகும் என்றார்கள். மூளைக்குச் சர்க்கரை நேரத்தில் போய்ச் சேராததால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அடுத்த வாரம் அவர் கண் திறந்தார். ஊட்டினால் விழுங்கினார். பேச்சு வரவில்லை. தன்னைப் பார்த்து அழுகிற பெண் யார் என்று இன்ஷாவைக் குழப்பத்தோடு பார்த்தார்.

ஜபருல்லாவும் மைமூனும் ஒரு பகலில் பார்க்க வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நஜீமா நினைத்தாள். டாக்டர் உள்ளே இருந்ததால் மூவரும் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஜபருல்லா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்தார். அவர் விரல்கள் நடுங்கின. மைமூன் ஒன்றும் கேட்காமல் கைப்பையைத் திறந்து, பேப்பரில் மடித்த கல்கண்டை எடுத்து அவர் வாயில் போட்டாள். பார்க்காமலே செய்கிற, பழகிய கை. செய்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பக்கத்தில் நஜீமா இருப்பது நினைவு வந்தது.

“எத்தன வருஷமா?” என்றாள் நஜீமா.

மைமூன் கைப்பையை மூடினாள். “ஆறு வருஷம் ஆச்சு.”

“அன்னிக்கு சோறு வேணாம்னு போன் பண்ணுனது அதுக்குத்தானா?”

மைமூன் தலையை ஆட்டினாள்.

“சர்பத்த நீட்டுனது தெரிஞ்சுதானே?”

“தெரியும். அந்த வேர்வையப் பாத்தா எனக்குத் தெரியும்.” மைமூன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “நீங்க அடிச்சு வேணாம்னு சொன்னீங்க. நான் மேல பேசுனா, உனக்கு எப்புடித் தெரியும்னு எல்லாரும் கேப்பாங்கல்ல.”

ஜபருல்லா கல்கண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பேசியது பேசியதுதான், நகை நட்டு எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்பினால் போதும், ஆஸ்பத்திரிச் செலவையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நிறுத்தி, அடுத்ததைச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது நஜீமாவுக்குத் தெரிந்தது. அந்த டம்ளரை ஜன்னலில் வைத்த கைதான் நாளைக்குத் தன் மகளுக்குச் சோறு போடப்போகிறது என்பதும் தெரிந்தது.

எழுந்து போகச் சொல்லலாம். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யார் வருவார்கள்? சர்க்கரைக்கார வீடு என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சம்பாதித்தவர் வாய் திறக்காமல் கிடக்கிறார். அவர்கள் வீட்டு விஷயம் தனக்கும், தன் வீட்டு விஷயம் அவர்களுக்கும் தெரியும். இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

“பெருநாள் கழிச்சு எந்த வாரம்னு சொல்லுங்க” என்றாள்.

மைமூன் அவள் கையைப் பிடிக்க வந்தாள். நஜீமா கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். இன்ஷா அத்தாவின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நஜீமா குனிந்து, இன்ஷா கல்யாணத்துக்குத் தேதி வைத்தாயிற்று என்று அவர் காதோரம் சொன்னாள். ஹபிபுல்லா அவளைப் பார்த்தார், பிறகு இன்ஷாவைப் பார்த்தார். அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்தார்.